கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஊஞ்சல்

அகமதாபாத் மாநகரத்துப் பெருமக்களுக்கும், மஸ்கதி மார்க்கெட் துணி வியாபாரிகளுக்கும், பால்டியில் உள்ள சாந்திகுஞ்ச் அடுக்ககத்தின் எல்லா மாடிவாசிகளுக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிக்கப்படும் மாபெரும் செய்தி என்னவென்றால், துணித் தரகர் தன்சுக்லால் பாரிக் இன்று காலைத் தேநீரை நாற்காலியில் உட்கார்ந்து குடித்தார்.

செய்தியை வெளியிட்டவரும் அவரே. விடிந்ததிலிருந்து ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நாற்காலியிலய்யா! ஆடாத நாற்காலி. நாலு காலும் தரையில. டீ நெஞ்சுலயே நிக்குது, இறங்க மாட்டேங்குது."

மறுமுனையில் இருந்த வியாபாரிக்கு இரக்கம் வந்திருக்கலாம். ஆனால் அவருக்குக் கடை திறக்கிற நேரம்.

"அது கெடக்கட்டும் பாரிக்பாய். அந்த மல்மல் துணி என்ன விலைன்னு சொல்லுங்க."

தன்சுக்லால் ஒரு விலை சொன்னார்.

"சரி, எழுதிக்கிட்டேன். அனுப்பிடுங்க."

"எழுதிக்கிட்டியா? யோவ், நான் இன்னும் பேரமே ஆரம்பிக்கலையே!"

"சத்தம் வரலையே பாரிக்பாய். நின்னுடுச்சுன்னு நெனச்சேன்."

இதுதான் விபரீதம். தன்சுக்லால் வியாபாரம் பேசுவது ஊஞ்சலில் ஆடிக்கொண்டே. சங்கிலி கிறீச் கிறீச்சென்று கேட்டுக்கொண்டிருக்கும்வரை விலை இறங்கும், ஏறும், அழும், சிரிக்கும். அவர் காலைத் தரையில் ஊன்றி ஊஞ்சலை நிறுத்தினால் அதுதான் கடைசி விலை. அதற்கு அப்புறம் ஆண்டவனே வந்து கேட்டாலும் குறையாது. போனில் பேசும்போதும் மறுமுனையில் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். கிறீச் நின்றதும் எழுதிக்கொள்வார்கள். மார்க்கெட் முழுக்க இந்தப் பழக்கத்துக்குக் கட்டுப்பட்டிருந்தது. இப்போது சத்தமே இல்லாததால் அவர் வாயைத் திறந்தாலே கடைசி விலையாகிவிட்டது.

ஊஞ்சல் என்றதும் தோட்டத்தில் குழந்தைகள் ஆடும் சமாசாரத்தை நினைத்துக்கொள்ளக் கூடாது. இதில் நாலு பேர் இடிக்காமல் உட்காரலாம். ஒருவர் தாராளமாகப் படுக்கலாம், தன்சுக்லால் படுப்பார். ஒரே தேக்கில் இழைத்த பலகை. சாய்மானம் முழுக்கக் கொடி ஓடும், நடுவில் இரண்டு கிளிகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கும். பித்தளைச் சங்கிலியில் கண்ணிக்குக் கண்ணி மயில், யானை, விளக்கேந்திய பெண். "கல்யாணத்துக்கு மாமனார் எனக்குக் குடுத்தது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். முதலில் அதில் அவர் அப்பா உட்கார்ந்தார். அப்புறம் அம்மா. அம்மா போனபின் வாரிசு முறைப்படி சிம்மாசனம் மகனுக்கு வந்தது. அவரோடு தலையணை, வெற்றிலைப் பெட்டி, துணி மாதிரிகள், இரண்டு செய்தித்தாள், போன் ஆகிய பரிவாரங்களும் குடியேறின. ஆட்டம் குறையும்போது, "ஹசு, ஒரு தள்ளு!" என்று குரல் வரும். மனைவி ஹசுமதிபென் சமையலறையிலிருந்து வந்து ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போவார். இப்படியாக உலகம் சுற்றிக்கொண்டிருந்தது.

அதை நிறுத்தியவரும் ஹசுமதிபென்தான்.

பழைய நகரத்தில் போள் என்கிற சந்துக் குடியிருப்பு ஒன்றில் அவருடைய பிறந்த வீடு இருந்தது. சந்துக்குள் சந்து, அதற்குள் மரத்தூண்களும் நடுவில் திறந்த முற்றமுமாக ஒரு ஹவேலி. அண்ணன்மார் அதை ஒரு டிரஸ்டுக்கு விற்றுவிட்டு ஆளுக்கொரு திசையில் ஃபிளாட் வாங்கிப் போனார்கள். டிரஸ்ட் அதை வெள்ளையடித்து, 'ஜவேர்சந்த் ஹவேலி பாரம்பரிய வாழ்வியல் அருங்காட்சியகம்' என்று பெயர் வைத்தது. பெயரைப் படித்து முடிப்பதற்குள் போளே முடிந்துவிடும்.

ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டில் கிச்சடிக்கு நெய் விட்டுக்கொண்டே ஹசுமதிபென் சொன்னார்.

"கேக்கறீங்களா? ஊஞ்சலை அந்த வீட்டுக்கே குடுத்துடலாம்னு இருக்கேன்."

"எந்த ஊஞ்சலை?"

"நம்மகிட்ட எத்தனை இருக்கு?"

"பைத்தியமா உனக்கு? அது மாமனார் எனக்குக் குடுத்தது."

"எங்கப்பா எனக்குக் குடுத்தது. அதைப் பிரிஞ்சு வரமாட்டேன்னு நான் அழுதேன்னு சங்கிலியோட கழட்டி அனுப்பினார்."

தன்சுக்லால் மறுத்துத்தான் இருப்பார். ஆனால் அருங்காட்சியக இயக்குநர் பினாகின் வைஷ்ணவ் மறுநாளே சால்வை, தேங்காய், புகைப்படக்காரர் சகிதம் வந்துவிட்டார். வைஷ்ணவ் பேசும்போது எதிரில் இருப்பது ஒரே ஆளானாலும் அவர் மனத்துக்குள் மைக் இருக்கும்.

"நான் இந்த மரத்தைப் பார்க்கவில்லை, பாரிக்பாய். இதன்மீது படிந்திருக்கும் காலத்தைப் பார்க்கிறேன்."

"தினமும் தொடைக்கிறோமே" என்றார் தன்சுக்லால்.

"இல்லை, இல்லை. ஒரு நாகரிகம் தன் சொந்த வீட்டுக்குத் திரும்புகிறது. அதை அனுமதிக்கும் இதயம் எவ்வளவு விசாலமானது! கர்ணனுக்குப் பிறகு..."

அப்போது புகைப்படக்காரர் விளக்கைத் தட்டினார். கர்ணனுக்குப் பிறகு யார் என்பது தெரிந்துவிட்டபடியால் தன்சுக்லாலுக்கு வேறு வழியில்லை. "எடுத்துட்டுப் போங்க" என்றார். பத்திரிகையில் படம் வந்தது. ஊஞ்சலின் நடுவில் சால்வையோடு தன்சுக்லால். ஓரத்தில் தேநீர்த் தட்டு ஏந்திய ஒரு முழங்கை. அந்த முழங்கை ஹசுமதிபென்னுடையது.

ஆட்கள் வந்து சங்கிலியைக் கழற்றினார்கள். கிளிகளைப் பழைய புடவையில் சுற்றினார்கள். மாடிப்படியில் இறக்கும்போது சங்கிலி ஒருமுறை சிணுங்கியது. தன்சுக்லால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கூடத்தில் மிச்சம் இருந்தவை விட்டத்தில் இரண்டு கொக்கிகள். அவற்றைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்தால் உடம்பு தானாக முன்னும் பின்னும் போனது. காற்றைத்தான் தள்ளியது.

இரண்டாம் நாள் அவர் ஒரு ஆடும் நாற்காலி வாங்கிவந்தார்.

ஆடத்தான் செய்தது. கூடவே நடந்தது. கூடத்துத் தரை வழவழப்பான கோட்டா கல். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நாற்காலி நாலு விரல்கடை முன்னேறும். டீயை ஆரம்பிக்கும்போது ஜன்னல் ஓரம் இருப்பவர், முடிக்கும்போது சமையலறை வாசலில் இருப்பார்.

"வாங்க வாங்க. வந்ததுதான் வந்தீங்க, இந்தத் தொவரம்பருப்புல கல்லு பொறுக்குங்க" என்பார் ஹசுமதிபென்.

பொறுக்கிவிட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு திரும்ப ஜன்னலுக்குப் போவார். ஒரு மதியம் போனில் மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தபோது நாற்காலி திசைமாறி வாசல் கதவைத் தாண்டி லிப்ட் அருகில் போய்விட்டது. மேல்மாடிக்காரர், "வெளியூரா பாரிக்பாய்?" என்று விசாரித்தார். அன்றைக்கே நாற்காலி பழைய சாமான்காரனுக்குப் போனது.

வேறு வழியில்லாமல் மறுநாள் போளுக்குப் போனார். ஆட்டோ நுழையாத சந்துகளில் வியர்த்து வழிந்து ஹவேலி வாசலை அடைந்தார். வாசலில் காளுபாய் என்ற காவலாளி ஸ்டூலில் உட்கார்ந்து சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தான்.

"டிக்கெட், சேட்."

"எனக்கா? உள்ள இருக்கிற ஊஞ்சல் என்னோடதுப்பா."

காளுபாய் அசரவில்லை. "வர்றவங்க எல்லாம் அப்படித்தான் சொல்றாங்க. நேத்து ஒருத்தர் வந்தாரு. வீடே என்னோடதுன்னாரு."

"யாரு?"

"இந்த வீட்டை வித்தவரு."

தன்சுக்லால் டிக்கெட் வாங்கினார்.

முற்றத்தை ஒட்டிய கூடத்தில் ஊஞ்சல் தொங்கியது. முன்னால் சிவப்புக் கயிறு. 'தொடாதீர்கள், உட்காராதீர்கள், சாயாதீர்கள்' என்று மூன்று கட்டளைகள். பக்கத்தில் பித்தளைப் பலகை: 'இவ்வீட்டுப் பெண் ஹசுமதிபென் வழங்கியது.' கர்ணனுக்குப் பிறகு யார் என்பது அங்கே மாறியிருந்தது. அதற்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. அவர் கண் ஊஞ்சல்மேலேயே இருந்தது.

பட்டுத் திண்டு போட்டிருந்தார்கள். அவர் தலையணையின் எண்ணெய்க் கறை இருந்த இடத்தைத் தேய்த்து மறைத்திருந்தார்கள். வலதுபக்க யானைக் கண்ணியில் அவர் கட்டைவிரல் எப்போதும் இருக்கும் இடம் மட்டும் பளபளவென்று இருந்தது. அதை யாராலும் தேய்க்க முடியவில்லை. மழைக்கால மதியங்கள் ஞாபகம் வந்தன. வெளியே மழை, உள்ளே மெதுவான கிறீச், மார்புமேல் செய்தித்தாள், தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே எங்கேயோ மிதந்துகொண்டு, யாரோ ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போகும் அந்த இதம். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு கையைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நீட்டினார்.

"சேட்! கை!" என்றான் காளுபாய் வாசலிலிருந்தே.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்.

"போய்ப் பாத்தேன் ஹசு. அனாதை மாதிரி தொங்குது. நீ போய்ப் பாக்கலையா?"

"நான் அப்புறம் பாத்துக்கறேன்" என்றார் ஹசுமதிபென், கடுகு வெடிக்கும் சத்தத்துக்கு நடுவே. சமீபமாக அவர் ஏதோ ஒரு கர்பா பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தார். மதியங்களில் வெளியே போய்வந்தார். எங்கே என்று தன்சுக்லால் கேட்கவில்லை. அந்த வீட்டில் அப்படியொரு கேள்வி கேட்கும் பழக்கம் கிடையாது. டீ எப்போது என்ற கேள்விதான் உண்டு.

தன்சுக்லால் இப்போது தினசரிப் பார்வையாளர் ஆனார். வியாபாரம் போனால் போகட்டும். ஒருநாள் முற்றத்தின் வழியாகக் காற்று இறங்கி, காலி ஊஞ்சல் தானாக அசைந்தது. பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, "அய்யய்யோ!" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

தன்சுக்லாலுக்குப் பொறி தட்டியது. காலி ஊஞ்சல் ஆடினால் குடும்பத்துக்கு ஆகாது என்பது குஜராத்தில் பால்குடிக்கும் குழந்தைக்கும் தெரியும். எழுந்துபோகிறவர்கள் ஊஞ்சலைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டுத்தான் போவார்கள். அதை மறந்து இந்த வைஷ்ணவ் காற்றோட்டமான இடமாகப் பார்த்துத் தொங்கவிட்டிருக்கிறார்! ஊரே பயந்து ஒதுங்கினால், டிரஸ்ட் கும்பிட்டு ஊஞ்சலைத் திருப்பிக் கொடுத்துவிடாதா?

அன்றிலிருந்து அவர் பார்வையாளர்களிடம் கிசுகிசுக்க ஆரம்பித்தார்.

"பாத்தீங்களா பென்? ஆள் இல்ல, ஆடுது."

"காத்துதானே?"

"காத்துன்னுதான் சொல்லுவாங்க. இது இருந்த வீட்டுல வியாபாரமே படுத்துடுச்சாம். எனக்குத் தெரிஞ்சவர்தான். பாவம், நாற்காலியில உக்காந்திருக்கார்."

ஒரு வாரத்தில் செய்தி போள் முழுக்கப் பரவியது. ஹவேலிக்குக் கூட்டம் குறையவில்லை, இரண்டு மடங்காகிவிட்டது. பேய் ஊஞ்சலைப் பார்க்க நவரங்கபுராவிலிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். கையில் ஃபாஃப்டா நொறுக்குத்தீனிப் பொட்டலத்தோடு, எப்போது ஆடும் என்று காத்திருந்தார்கள். ஊஞ்சலுக்கு எதிரே நிற்கத் தன்சுக்லாலுக்கே இடம் கிடைக்கவில்லை. முன்னால் நின்ற ஒரு குண்டு மனிதரின் தோளுக்கு மேலே எட்டி எட்டிப் பார்த்தார். கிளிகளின் கொண்டை மட்டும் தெரிந்தது.

விஷயம் வைஷ்ணவ் காதுக்குப் போனது. அவர் வந்து பார்த்தார், நெற்றியைச் சுருக்கினார், உத்தரவிட்டார். மறுநாள் தன்சுக்லால் போனபோது ஊஞ்சலின் நாலு மூலையிலும் கயிறு போட்டுத் தூண்களோடு இழுத்துக் கட்டியிருந்தார்கள். திருவிழாவில் மதம்பிடித்த யானையைக் கட்டுவது போல.

"என்ன காளுபாய் இது?"

"ஆடக் கூடாதுன்னு சாகேப் சொல்லிட்டாரு. எவனோ ஒரு கிழவன் புரளி கெளப்பி விட்டுட்டான் சேட். கெடைச்சான்னா நாலு வாங்கு வாங்கணும்."

"வாங்கணும், வாங்கணும்" என்றார் தன்சுக்லால் பலவீனமாக.

அன்று வீட்டுக்குத் திரும்பியவர் சாப்பிடவில்லை. அவருக்குப் பிடித்த தால் டோக்ளி ஆறி ஆடை கட்டியது. "அது ஆடி எத்தனை நாளாச்சோ" என்றார் தட்டைப் பார்த்தபடி. ஹசுமதிபென் அவரை ஒரு கணம் பார்த்தார்.

"கேக்கறீங்களா? நான் ஒண்ணு சொல்லணும்."

"அப்புறம் சொல்லு ஹசு. இப்ப என் மனசு சரியில்ல."

காலையில் மனசு சரியாகிவிட்டது. ராத்திரி யோசித்ததில் ஒரு மாபெரும் திட்டம் பிறந்திருந்தது. நேராக வைஷ்ணவின் அறைக்குப் போய்விட்டார்.

"வைஷ்ணவ் சாகேப், ஊஞ்சல் ஆடலன்னா அது ஊஞ்சலா? கட்டில். காலியா ஆடுனா ஆகாது. அப்ப என்ன பண்ணணும்? ஆள் உக்காந்து ஆடணும்."

"ஆள்?"

"பழைய காலத்துல எப்படி இருந்துச்சோ அப்படி. வீட்டுப் பெரியவர் வேட்டி, கோட்டு, தலைப்பாகையோட உக்காந்து ஆடணும். டீயைச் சாஸர்ல ஊத்தி உறிஞ்சணும். ஒரு மருமக ஓரமா நின்னு தள்ளணும். வர்றவன் அசந்துபோயிடுவான்!"

வைஷ்ணவ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குள் மைக் எழுந்தது.

"உயிருள்ள காட்சிப்பொருள்! பாரிக்பாய், இது என் நெடுநாள் கனவு. டிரஸ்டின் ஒப்புதலுக்காகவே காத்திருந்தேன். பொருளைக் காட்டுவது அருங்காட்சியகம் அல்ல. வாழ்வைக் காட்டுவதே..."

"வேட்டி என்கிட்டயே இருக்கு" என்றார் தன்சுக்லால்.

"...வரும் சனிக்கிழமை தொடக்க விழா. நகரப் பிரமுகர்கள் வருகிறார்கள். நீங்கள் அவசியம் வந்துவிட வேண்டும்."

"நான் இல்லாமலா?" என்று சிரித்தார் தன்சுக்லால். வைஷ்ணவும் சிரித்தார். தன்சுக்லாலைத் தவிர வேறு யாரை அந்தப் பலகையில் உட்காரவைக்க முடியும்? அந்தப் பலகையில் அவருடைய வடிவத்தில் ஒரு பள்ளமே விழுந்திருந்தது.

அடுத்த நாட்களில் சாந்திகுஞ்ச் அடுக்ககம் திமிலோகப்பட்டது. தன்சுக்லால் மீசை வளர்த்தார். அப்பாவின் தலைப்பாகையை அலமாரியிலிருந்து எடுத்தார். பூச்சி பாதி தின்றிருந்தது. பக்கவாட்டாகத் திருப்பி வைத்தால் தெரியவில்லை. ஆகவே பக்கவாட்டாகவே நடக்கப் பழகினார். கண்ணாடி முன்னால் சாஸரில் டீ ஊற்றி, சத்தம் வந்தும் வராமலும் உறிஞ்சிப் பார்த்தார். மார்க்கெட்டுக்குப் போன்மேல் போன்.

"சனிக்கிழமைக்கு மேல விலை கேக்கறவங்க நேரா ஹவேலிக்கே வந்துடுங்க. ஊஞ்சல்ல இருந்தே பேசலாம். சத்தம் கேக்கும்யா, சத்தம்!"

ஹசுமதிபென் வேட்டியை ஒருமுறை பார்த்தார். "பழுப்பேறிக் கெடக்கு. நீலம் போட்டுத் தரேன்" என்று எடுத்துப்போனார். அன்றைக்கும் அவர் கதவருகில் நின்று, "கேக்கறீங்களா? அந்த ஊஞ்சல் விஷயமா நான் ஒண்ணு..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும், தெரியும். உனக்குக் கூச்சம். மருமகளா நின்னு தள்ளறதுக்கு நீதான் வரணும்னு நான் சொல்ல மாட்டேன். வேற யாரையாவது போட்டுக்குவாங்க."

ஹசுமதிபென் கொஞ்ச நேரம் அவர் தலைப்பாகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் ஏதோ சிரிப்பை விழுங்கியவர்போல உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை காலை, டீயும் தேப்லா ரொட்டியும் மேஜைமேல் மூடி வைக்கப்பட்டிருந்தன. ஹசுமதிபென்னைக் காணோம். கோயிலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். நல்ல காரியத்துக்குப் போகிறவருக்காக மனைவி கோயிலுக்குப் போவது முறைதானே. நீலம் போட்ட வேட்டியும் கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டும் பக்கவாட்டுத் தலைப்பாகையுமாக ஆட்டோவில் ஏறினார். போள் முனையில் இறங்கி நடந்தபோது இரண்டு பக்கமும் ஜன்னல்கள் திறந்தன. "யாரு வீட்டுக் கல்யாணம் சேட்?" என்று ஒருவர் கேட்டார். தன்சுக்லால் கையை உயர்த்தி ஆசீர்வதித்துக்கொண்டே போனார்.

ஹவேலி வாசலில் மாவிலைத் தோரணம். உள்ளே வைஷ்ணவின் குரல் இந்தமுறை நிஜமான மைக்கில் முழங்கியது.

"டிக்கெட், சேட்" என்றான் காளுபாய்.

"யோவ், இன்னிக்குமா? இன்னிக்கு ஊஞ்சல்ல உக்காரப்போறதே நான்தான்!"

"அவங்க வந்தாச்சே. உக்காந்தாச்சே."

தன்சுக்லால் அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு கயிறுவரை போனார். தலைப்பாகை திரும்பி, பூச்சி தின்ற பாதி ஊருக்கே தெரிந்தது.

நாலு மூலைக் கட்டும் அவிழ்ந்திருந்தது. ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது. அதில் சிவப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட பந்தேஜ் புடவை கட்டிக்கொண்டு ஹசுமதிபென் உட்கார்ந்திருந்தார். ஒரு காலை மடித்துப் போட்டு, இன்னொரு காலின் கட்டைவிரலால் தரையை ஒற்றி ஒற்றித் தானே தள்ளிக்கொண்டிருந்தார். கையில் சாஸர். அதில் டீ. கூட்டத்தை அவர் பார்க்கவில்லை; முற்றத்துக்கு மேலே தெரிந்த சதுர வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் அந்தக் கர்பா பாட்டு. முகத்தில் ஒரு சின்னப் பெண். இந்த முகத்தைத் தன்சுக்லால் கல்யாணத்தன்று முக்காட்டுக்குள் ஒருமுறை பார்த்ததாக ஞாபகம். அப்புறம் எங்கே போயிற்று என்று அவர் தேடியதில்லை.

கிறீச். அமைதி. கிறீச். அமைதி. இவ்வளவு நாள் அதற்குள்ளேயே படுத்திருந்ததால், தள்ளி நின்று கேட்டால் அந்தச் சத்தம் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

"ஹசு!" என்றார்.

ஹசுமதிபென் திரும்பினார். வெட்கப்பட்டார். ஆனால் காலை ஊன்றி நிறுத்தவில்லை.

"வந்துட்டீங்களா? தேப்லா சாப்ட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பின்னால் போனார்; முன்னால் வந்தார்; மறுபடி பின்னால் போனார்.

அதற்குள் காளுபாய் வந்து கோட்டைப் பிடித்துவிட்டான். வாசல்வரை இழுத்துக்கொண்டு வந்தான்.

"என்ன சேட் நீங்க, டிக்கெட் இல்லாம!"

"டேய், இது என் யோசனைடா! ஆள் உக்காரணும்னு வைஷ்ணவ்கிட்ட சொன்னதே நான்தான்! போன வாரம்!"

"போன வாரமா? அந்தம்மா ஊஞ்சலைக் குடுக்கறப்பவே பேசி முடிச்சதாச்சே. இங்க வந்து சாகேப்கிட்ட சொன்னப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். தினமும் காலையில நான் உக்காருவேன், சம்மதம்னா எடுத்துக்கங்கன்னாங்க. டிரஸ்ட்டுல சரின்னு சொல்லத்தான் இத்தனை நாளாச்சு. பாவம், மத்தியானம் மத்தியானம் வந்து ஆபீஸ்ல கேட்டுட்டுப் போவாங்க."

தன்சுக்லால் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். அதுவும் ஆடவில்லை.

"அவ என் பொண்டாட்டிடா" என்றார் மெதுவாக.

காளுபாய் முதல் தடவையாக அவரை மேலும் கீழும் பார்த்தான். வேட்டி, கோட்டு, மீசை, தலைப்பாகை.

"நெசமாவா? அப்ப அந்த ஊஞ்சல் உங்க வீட்டுலயா இருந்துச்சு?"

"அதைத்தானே நான் தினமும் சொல்றேன்!"

"ஆமா சேட், நான்தான் நம்பல." காளுபாய் டிக்கெட்டைக் கிழித்து அவர் கையில் கொடுத்தான். "அங்க தனக்கு உக்கார எடமில்லன்னுதானே அந்தம்மா இதை இங்க குடுத்தாங்க."